கரிம மெமரிஸ்டருக்குச் சுருதி சேர்ப்பது எப்படி?

எம்.எஸ்சி. வேதியியல் முடித்துவிட்டு ஆராய்ச்சிக்கு இடம் தேடிக்கொண்டிருக்கும் ஒரு மாணவி கேட்டது இது: "மூளையைப் போல இயங்கும் கணினிகளுக்காகக் கரிம நினைவகச் சாதனங்களின் மின் நடத்தையைத் தேவைக்கேற்பத் திருத்துகிறோம் என்று எழுதுகிறார்கள். எதைத் திருத்துகிறார்கள்? மூலக்கூறையா, கொடுக்கிற மின்னழுத்தத்தையா? ஆன் நிலைக்கும் ஆஃப் நிலைக்கும் உள்ள விகிதம் பெரிதாக இருந்தால் போதாதா?"

மெமரிஸ்டர் என்றால், கொடுத்த மின்சாரத்தைப் பொறுத்துத் தன் மின்தடையை மாற்றி, அதை நினைவில் வைத்துக்கொள்ளும் சாதனம். அந்த வேலையைக் கார்பன் சேர்மம் செய்தால் அது கரிம மெமரிஸ்டர்.

கடைசிக் கேள்வியை முதலில் எடுத்துக்கொள்கிறேன். போதாது.

ஆன்-ஆஃப் விகிதம், அதாவது நன்றாகக் கடத்தும் நிலையின் மின்னோட்டம் கடத்தாத நிலையினதைப் போல எத்தனை மடங்கு என்பது, பென் டிரைவ் செய்கிறவர்களின் கவலை. 0 எது, 1 எது என்று குழப்பமில்லாமல் தெரிந்தால் அவர்கள் வேலை முடிந்தது. சினாப்ஸின், அதாவது மூளையில் இரண்டு நியூரான்கள் (நரம்பு உயிரணுக்கள்) சந்திக்கும் இணைப்பின், வேலையைச் செய்யவேண்டிய சாதனத்திடம் நாம் கேட்பது வேறு. இரண்டு எல்லைகளுக்கும் நடுவே எத்தனை இடங்களில் அதனால் நிற்க முடியும்? ஒவ்வொரு மின் துடிப்புக்கும் ஒரே அளவு நகருமா? ஏறிய படிகளிலேயே இறங்குமா? நின்ற இடத்தில் எவ்வளவு நேரம் நிற்கும்? ஆன்-ஆஃப் விகிதம் 10 லட்சம் என்று பெருமையாகப் போட்டிருக்கும் சாதனம் இந்த நான்கிலும் தோற்றுப்போகலாம். வெறும் இரண்டு, மூன்று மடங்கு வித்தியாசத்துக்குள் ஒழுங்காக நடக்கிற சாதனம் ஜெயிக்கலாம்.

ஏன் என்று புரிய, இது எங்கே உட்காரப் போகிறது என்று பார்க்க வேண்டும். இன்றைய கணினியில் கணக்குப் போடுவதைவிட, எண்களை நினைவகத்திலிருந்து எடுத்துவந்து திரும்பக் கொண்டுபோய் வைப்பதில்தான் மின்சாரம் கரைகிறது. மனித மூளையில் ஏறக்குறைய 8,600 கோடி நியூரான்கள். மொத்தச் செலவு சுமார் 20 வாட். அங்கே நினைவும் கணக்கும் ஒரே இடத்தில் நடக்கின்றன. அமெரிக்காவின் கார்வர் மீட் 1980களின் இறுதியில் இந்த வழியில் சிப் செய்வதற்கு நியூரோமார்ஃபிக் என்று பெயர் வைத்தார். அதன் எளிய வடிவம் கயிற்றுக் கட்டில் மாதிரி இருக்கும்: கிடையாக ஒரு வரிசைக் கம்பிகள், அவற்றின்மேல் நெடுக்காக இன்னொரு வரிசை, ஒவ்வொரு சந்திப்பிலும் ஒரு மெமரிஸ்டர். கிடைக்கம்பிகளில் மின்னழுத்தம் கொடுத்தால், ஒவ்வொரு சந்திப்பிலும் ஓம் விதி பெருக்கல் போட்டுவிடும். நெடுக்கம்பியின் அடியில் மின்னோட்டங்கள் ஒன்றுசேரும்போது கிர்க்காஃப் விதி கூட்டல் போட்டுவிடும். ஒரு அணியையும் ஒரு திசையனையும் பெருக்குவது ஒரே கணத்தில் முடிகிறது. நரம்பு வலையமைப்பின் 'எடை' என்பது அந்தச் சந்திப்பின் மின்கடத்துதிறன்.

பயிற்சி கொடுப்பது என்றால் அந்த எடைகளைக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றி இறக்குவது. கடத்துதிறன் 50 அலகில் இருக்கிறது என்று வையுங்கள். பத்துத் துடிப்பு மேலே, பத்துத் துடிப்பு கீழே. நல்ல சாதனம் 50-க்கே திரும்பும். நடைமுறையில் கிடைக்கும் பெரும்பாலானவை முதல் இரண்டு துடிப்பிலேயே பாய்ந்து ஏறும். அப்புறம் சோர்ந்துபோய் ஊரும். இறங்கச் சொன்னால் ஒரே துடிப்பில் பாதிக்குக் கீழே விழும். லட்சக்கணக்கான முறை ஏற்றி இறக்கிய பிறகு, கற்றுக்கொண்ட எடையும் சாதனத்தின் வக்கிரமும் ஒன்றாகக் கலந்து, எது எது என்று பிரிக்க முடியாமல் போகும். ஆகவே இந்தத் துறையில் 'ட்யூன்' என்று சொன்னால், முதல் பொருள் நேர்கோட்டுத்தன்மையும் சமச்சீரும்தான்.

சுருதி சேர்ப்பது என்ற சொல்லையே நான் விரும்புகிறேன். மிருதங்கத்தில் இரண்டு வகை சுருதி வேலை உண்டு. வலந்தலையில் கருப்பாக இருக்கும் கரணை, கருவி செய்யும்போதே படிப்படியாக ஏற்றித் தேய்த்தது. கச்சேரியில் உட்கார்ந்து அதை மாற்ற முடியாது. தொப்பியில் ஒட்டும் ரவைப் பசை அன்றைய கச்சேரிக்கு மட்டும். கொஞ்சம் கூட்டலாம், சுரண்டி எடுக்கலாம். கரிமச் சாதனத்திலும் அப்படியே. மூலக்கூறு, அதன் மின்சுமையை ஈடுகட்டும் எதிரயனி, அதில் கிளையாகத் தொங்கும் பக்கச்சங்கிலி எல்லாம் கரணை. துடிப்பின் உயரம், அகலம், இடைவெளி எல்லாம் ரவை. "மூலக்கூறையா, மின்னழுத்தத்தையா" என்ற உங்கள் கேள்விக்கு இரண்டும் என்பதே பதில். கரணை தப்பாக இருந்தால் எவ்வளவு ரவை அப்பினாலும் சரிவராது என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

இனி, கரிமப் பொருள்தான் ஏன்? 1971-இல் லியோன் சுவா மெமரிஸ்டர் என்ற கருத்தைக் கணிதத்தில் வைத்தார். 2008-இல் ஹெச்.பி. ஆய்வகத்தில் ஸ்டான்லி வில்லியம்ஸ் குழு டைட்டானியம் டைஆக்சைடு படலத்தில் அந்த நடத்தையைக் காட்டியது. அன்று முதல் ஆக்சைடுகள்தான் களத்தில் முன்னால் நிற்கின்றன. ஆனால் பல ஆக்சைடு சாதனங்களில் நடப்பது ஒரு சின்னக் கலவரம். மின்புலம் மிகுந்த ஏதோ ஒரு புள்ளியில் ஆக்சிஜன் வெற்றிடங்கள் (ஆக்சிஜன் அணு விடுபட்ட இடங்கள்) வரிசை கட்டி, மெல்லிய மின்னிழை ஒன்று உருவாகிறது. எங்கே உருவாகும், எவ்வளவு தடிமனில் உருவாகும் என்பது ஒவ்வொரு முறையும் கொஞ்சம் அதிர்ஷ்டம். சில அணுக்கள் நகர்வதுதான் நினைவு என்றால், அங்கே ஆயிரம் படிகளை நிதானமாக எண்ணி வைப்பது கடினம். கரிமப் படலத்தில் முழுக் கன அளவிலும் பரவலாக மாற்றம் நடக்கும்படி வடிவமைக்க முடியும். வேதியியலாளர் ஒரு தொகுதியைக் கழற்றி வேறொன்றை மாட்டினால் மின் நடத்தை மாறும். ஆக்சைடில் அவ்வளவு சுலபமாக மாட்டிக் கழற்ற இடமில்லை.

இந்த இடத்தில் ஒரு எச்சரிக்கை. கரிம நினைவகம் இன்று நேற்று வந்ததில்லை. 1979-லேயே காப்பரும் டிசிஎன்க்யூ என்ற கரிம மூலக்கூறும் சேர்ந்த படலத்தில் நிலைமாற்றம் பதிவாகியிருக்கிறது. 2000-களின் தொடக்கத்தில் அலுமினிய மின்வாய்களுக்கு நடுவே ஏதாவது ஒரு கரிமப் படலத்தை வைத்து "நினைவகம்" என்று சொல்லும் கட்டுரைகள் குவிந்தன. பிறகு டி லியூ போன்ற ஆய்வாளர்கள் பொறுமையாகப் பிரித்துப் பார்த்தபோது, அவற்றில் பலவற்றில் வேலை செய்தது கரிமப் பொருளே இல்லை, அலுமினியத்தின்மேல் தானாகப் படிந்திருந்த ஆக்சைடுப் படலத்தில் உருவான மின்னிழை என்று தெரியவந்தது. எனக்கும் அந்த அனுபவம் உண்டு. ஒரு முழு மழைக்காலம் அழகான தயக்கக் கண்ணிகளை (மின்னழுத்தத்தை ஏற்றும்போது ஒரு வழி, இறக்கும்போது வேறு வழி என்று மின்னோட்டம் போவதால் வரைபடத்தில் வரும் வளையங்களை) வரைந்து வைத்துக்கொண்டு, மூலக்கூறின் எலக்ட்ரான் அமைப்பைக் கொண்டு அவற்றுக்கு விளக்கமும் எழுதியிருந்தேன். கடைசியில் கரிமப் படலமே இல்லாத சாதனம் ஒன்றைச் செய்து அளந்தபோது, அதே கண்ணி இன்னும் அழகாக வந்தது. அந்த வரைபடங்களை இன்னும் தூக்கிப் போடவில்லை.

ஆகவே எதைத் திருத்துகிறோம் என்பதற்கு முன், எது நகர்கிறது என்று தெரிய வேண்டும். நகர்வது அயனியா, எலக்ட்ரானா, உலோக இழையா? இது தெரியாமல் திருத்துவது, எந்தக் குழாய் எந்தத் தொட்டிக்குப் போகிறது என்று தெரியாமல் வால்வைத் திருகுவது மாதிரி.

அயனி நகரும் வகையை முதலில் பார்ப்போம். பெடாட்-பிஎஸ்எஸ் என்ற பாலிமர் கலவை கேள்விப்பட்டிருப்பீர்கள். புகைப்படச் சுருளில் நிலைமின்சாரம் தங்காமலிருக்கப் பூசிய பொருள் அது. பெடாட் மின்னோட்டத்தைக் கடத்துகிறது. பிஎஸ்எஸ்ஸின் எதிர்மின் தொகுதிகள் அதன் நேர்மின் துளைகளை, அதாவது எலக்ட்ரான் விடுபட்டு மின்னோட்டத்தைச் சுமக்கும் இடங்களை, தாங்கிப் பிடிக்கின்றன. வெளியிலிருந்து நேர்மின் அயனிகளைப் படலத்துக்குள் தள்ளினால் அந்தத் துளைகள் குறைந்து கடத்துதிறன் இறங்கும். அயனிகளை வெளியே இழுத்தால் ஏறும். அயனிகள் மேற்பரப்பில் மட்டும் நிற்காமல் கனம் முழுவதும் ஊறிப்போவதால் மாற்றம் வழவழப்பாக இருக்கும். 2015-இல் கூப்பிடெனிஸ், மல்லியாராஸ் ஆகியோர் இந்த வகை டிரான்சிஸ்டரில் சினாப்ஸின் குறுகிய கால நடத்தைகளைக் காட்டினார்கள். ஆனால் அங்கே அயனி சீக்கிரமே திரும்பி வந்துவிடும், சாதனம் மறந்துவிடும்.

மறதியை எப்படி நிறுத்துவது? இங்கேதான் இந்தத் துறையின் மூலச் சிக்கல் இருக்கிறது. கொஞ்சம் நின்று பார்க்கலாம். ஒரு நிலையிலிருந்து இன்னொன்றுக்குப் போக ஒரு ஆற்றல் மேடு இருக்கிறது. அந்த மேட்டை வெப்பமே தாண்டிவிட எடுக்கும் காலம்தான் நினைவின் ஆயுள். ஒரு விநாடிக்கு 10 லட்சம் கோடி முறை முட்டிப் பார்க்கிறது என்று வைத்துக் கணக்குப் போட்டால், அறை வெப்பநிலையில் பத்து ஆண்டு நினைவுக்குச் சுமார் 1.3 எலக்ட்ரான் வோல்ட் உயர மேடு தேவை. ஆனால் நாம் 10 நானோவிநாடியில் எழுதவும் வேண்டும். அதற்கு அந்த மேடு எழுதும் நேரத்தில் சுமார் 0.3-க்கு இறங்க வேண்டும். அந்த இடைவெளியை மின்னழுத்தம்தான் நிரப்ப வேண்டும். மேட்டை உயர்த்தினால் நினைவு நீளும், எழுதும் மின்னழுத்தமும் ஏறும். தாழ்த்தினால் சுலபமாக எழுதலாம், சுலபமாக மறக்கும். ஒரு திருகைத் திருப்பினால் இன்னொன்றும் கூடவே சுழல்கிறது. பொருளை மட்டும் மாற்றி இதிலிருந்து தப்பிப்பது கடினம்.

2017-இல் ஸ்டான்ஃபோர்டின் ஆல்பர்டோ சலியோ குழுவில் யோரி வான் டி பர்க்ட் முதலானோர் இதைச் சுற்றிக்கொண்டு போனார்கள். சாதனத்தையே ஒரு சின்ன பேட்டரி மாதிரி அமைத்தார்கள். ஒருபக்கம் பெடாட்-பிஎஸ்எஸ், மறுபக்கம் அதே பாலிமரோடு பிஇஐ என்ற அமீன் பாலிமர் கலந்தது, நடுவே நேஃபியான் மின்பகு படலம். புரோட்டான் உள்ளே போக வேண்டுமென்றால், அதற்கு ஈடான எலக்ட்ரான் வெளிச்சுற்று வழியாக வந்தாக வேண்டும். வெளிச்சுற்றைத் திறந்து வைத்துவிட்டால் எலக்ட்ரானுக்கு வழியில்லை. ஆகவே புரோட்டானும் நின்ற இடத்தில் நிற்கும். மேட்டை மூலக்கூறுக்குள் கட்டாமல் சுற்றின் சுவிட்சில் கட்டிவிட்டார்கள். அதனால் எழுதுவதற்குச் சில மில்லிவோல்ட் போதும், நினைவும் நீடிக்கும். ஒரு வோல்ட் வரம்புக்குள் 500 தனித்தனி நிலைகளைக் காட்டினார்கள். ஆயிரம் சதுர மைக்ரோமீட்டர் பரப்புள்ள சாதனத்தில் ஒரு மாற்றத்துக்கு 10 பிக்கோஜூலுக்கும் குறைவு.

பிஇஐ இங்கே என்ன செய்தது என்பது உங்களைப் போன்ற வேதியியல்காரருக்கு முக்கியம். அமீன் தொகுதிகள் பெடாட்டின் துளைகளில் ஒரு பகுதியை முன்கூட்டியே நிரப்பிவிடுகின்றன. அதனால் மின்னழுத்தம் பூஜ்யத்தில் இருக்கும்போதே சாதனம் தன் வரம்பின் நடுப்பகுதியில் உட்கார்ந்திருக்கும்; மேலேயும் போகலாம், கீழேயும் போகலாம். கரணையைச் சரியாக வைத்ததற்கு இதைவிட நல்ல உதாரணம் என்னிடம் இல்லை. புரோட்டானைத் தாங்கிப் பிடிக்கும் வேலையும் அதே அமீனுக்குத்தான்.

அடுத்த சிக்கல் அந்த சுவிட்ச். ஒவ்வொரு சாதனத்துக்கும் ஒரு டிரான்சிஸ்டரை சுவிட்சாக வைத்தால் இடம் அடைக்கும். 2019-இல் அதே வட்டாரத்தைச் சேர்ந்த எலியட் ஃபுல்லர், அலெக் டாலின் முதலானோர், குறிப்பிட்ட மின்னழுத்தத்துக்கு மேல் மட்டும் திறந்து தானே மூடிக்கொள்ளும் வேறொரு வகை மெமரிஸ்டரை வாசற்கதவாக வைத்து, ஒரு சிறு அணியையே இணையாக எழுதிக் காட்டினார்கள். ஆக்சைடு உலகத்தில் மின்னிழை ஒரு தொல்லை என்று மேலே சொன்னேன். கதவு வேலைக்கு அப்படிப்பட்ட இழையின் திடீர்த்தன்மைதான் தகுதி.

பாலிமர் வகையில் இன்னும் பல திருகுகள் உண்டு, வேகமாகச் சொல்லிவிடுகிறேன். முதுகெலும்புச் சங்கிலியில் தண்ணீரோடு ஒட்டாத ஆல்கைல் பக்கச்சங்கிலி இருந்தால் நீரேறிய அயனி உள்ளே வரத் தயங்கும். எதிலீன் கிளைகால் சங்கிலி மாட்டினால் தாராளமாக வரும், கூடவே தண்ணீரையும் இழுத்துவரும். படலம் வீங்கி, துளைகள் ஒரு சங்கிலியிலிருந்து இன்னொன்றுக்குத் தாவுவது குறையும். வீக்கத்தைத் தடுக்கக் குறுக்கிணைப்பி சேர்த்தால் கரையாமல் நிற்கும், ஆனால் அயனியும் மெதுவாகும். படிக ஒழுங்குள்ள பகுதிகளில் சிக்கிய அயனி சுலபமாக வெளியேறாது, அதனால் நினைவு நீளும். ஒழுங்கற்ற பகுதியில் வேகமாக வந்து போகும். படலத்தைச் சூடாக்கிப் பதப்படுத்தி இந்த விகிதத்தை மாற்றலாம். தடிமன் கூடினால் மின்னோட்டம் கூடும், வேகம் குறையும். தண்ணீருக்குப் பதில் அயனித் திரவம் ஊறிய ஜெல் வைத்தால் வெப்பத்தைத் தாங்கும்; 2020-இல் சலியோ குழு 90 டிகிரி செல்சியஸ் வரை வேலை செய்யும் திண்மச் சாதனத்தைக் காட்டியது. ஆக்சிஜன்தான் எதிரி. எலக்ட்ரான் ஏற்றி ஒடுக்கிவைத்த பாலிமரிலிருந்து ஆக்சிஜன் எலக்ட்ரானைத் திருடிவிடும். வெளிச்சுற்றைத் திறந்து வைத்தும் நினைவு கரைகிறதே என்று தலையைச் சொறிந்தால், முதலில் காற்றைச் சந்தேகப்படுங்கள். ஈரப்பதத்தையும்தான். சென்னையில் டிசம்பரில் அளந்ததும் மே மாதம் அளந்ததும் ஒத்துப்போகும் என்று எதிர்பார்க்காதீர்கள்.

எலக்ட்ரான் நகரும் வகைக்கு வருவோம். இதைப் பற்றிச் சொல்லத்தான் எனக்கு ஆசை அதிகம், கதை பெங்களூருக்கு வந்து சேர்வதால் மட்டுமில்லை.

அசோ தொகுதி என்றால் சாயத்தொழிலில் உள்ளவர்களுக்குத் தெரியும்: இரண்டு நைட்ரஜன்கள் இரட்டைப் பிணைப்பில். துணிச் சாயங்களின் ஒரு பெரிய குடும்பமே இதை நம்பி இருக்கிறது. இந்தத் தொகுதிக்கு இன்னொரு குணம்: எலக்ட்ரானை வாங்கிக்கொள்ள ஏதுவான தாழ்ந்த காலி ஆர்பிட்டல் இதில் உண்டு. பிரிடின் வளையத்தோடு சேர்ந்த அசோ ஈனிகள் (உலோக அயனியைப் பற்றிக்கொள்ளும் மூலக்கூறுகள்) மூன்றை ஒரு ருத்தீனியம் அயனியைச் சுற்றி மாட்டினால், ஒன்றன்பின் ஒன்றாக எலக்ட்ரான்களை வாங்கி வைக்கக்கூடிய மூலக்கூறு கிடைக்கும். கொல்கத்தாவின் ஸ்ரீபிரத கோஸ்வாமி பல ஆண்டுகளாக வளர்த்த வேதியியல் இது. அவரோடு ஸ்ரீதோஷ் கோஸ்வாமி, டி. வெங்கடேசன் முதலானோர் சேர்ந்து 2017-இல் வெளியிட்ட சாதனம் கரிம நினைவகத்தைப் பற்றிய அவநம்பிக்கையைக் கணிசமாகக் குறைத்தது. கரைசலைச் சொட்டி ஸ்பின் கோட்டிங்கில் சுழற்றிப் பூசிய படலம். சுமார் 350 சாதனங்களில் ஒரே நடத்தை. 30 நானோவிநாடிக்குள் நிலைமாற்றம். ஏறக்குறைய ஒரு லட்சம் கோடி சுழற்சி தாங்கல். நினைவு 10 லட்சம் விநாடிக்கு மேல், அதாவது பதினொரு நாளுக்கு மேல்.

இந்த எண்களைவிட எனக்குப் பெரிதாகப் பட்டது, அவர்கள் எது நகர்கிறது என்பதைக் காட்டிய விதம். சாதனம் ஓடிக்கொண்டிருக்கும்போதே, சிதறும் ஒளியைக் கொண்டு பிணைப்புகளின் அதிர்வைப் படிக்கும் ராமன் நிறமாலை எடுத்தார்கள். நைட்ரஜன்-நைட்ரஜன் பிணைப்பு எலக்ட்ரானை வாங்கினால் தளரும். அதிர்வு எண் இறங்கும். மின்னழுத்தத்தை மாற்ற மாற்ற அந்த அதிர்வு நகர்வதைப் பார்த்தார்கள். முடிவு இரண்டே வரி: நிலையைத் தீர்மானிப்பது ஈனியின் ரெடாக்ஸ் நிலை (எத்தனை எலக்ட்ரானை வாங்கியிருக்கிறது என்பது), தயக்கத்தைக் கட்டுப்படுத்துவது எதிரயனி.

இந்த இரண்டாம் பாதியைக் கவனியுங்கள். எதிரயனி என்பது பள்ளியில் நாம் அடைப்புக்குறிக்கு வெளியே எழுதிவிட்டு மறந்துவிடும் ஆள். உப்பில் மின்சுமையைச் சரிக்கட்ட வந்தவர். இங்கே அவர்தான் நினைவைக் காக்கிறார். ஈனி ஒரு எலக்ட்ரானை வாங்கியதும் மூலக்கூறின் மின்சுமை மாறுகிறது. எதிரயனி தன் இடத்தைக் கொஞ்சம் மாற்றி உட்கார வேண்டியிருக்கிறது. எலக்ட்ரான் சட்டென்று போய்விடும். எதிரயனி பருமனானது, படலத்துக்குள் நெருக்கம் வேறு, மெதுவாகத்தான் நகரும். மின்னழுத்தத்தைத் திருப்பி இறக்கும்போது எதிரயனி இன்னும் புதிய இடத்திலேயே இருப்பதால், போன வழியும் திரும்பி வரும் வழியும் வேறாகின்றன. தயக்கக் கண்ணி பிறப்பது அங்கே. ஆகவே ஈனியைத் தொடாமல் எதிரயனியை மட்டும் மாற்றினாலே கண்ணியின் வடிவத்தோடு விளையாடலாம். நிலை எந்த மின்னழுத்தத்தில் மாற வேண்டும் என்பதைத் திருத்த, ஈனியின் வளையத்தில் எலக்ட்ரானை இழுக்கும் தொகுதியோ தள்ளும் தொகுதியோ மாட்டலாம். கரிம வேதியியல் இரண்டாம் ஆண்டுப் பாடம்தான். ஒரு தொகுப்பு வேதியியலாளரின் கையில் இரண்டு தனித்தனித் திருகுகள் கிடைத்துவிட்டன. தனித்தனி என்பதுதான் அதிசயம்.

2021-இல் இதே வழியில் வந்த இன்னொரு சாதனத்தில், ஐந்து வேறுபட்ட ரெடாக்ஸ் நிலைகள் கொண்ட மூலக்கூறு ஒன்று, மின்னழுத்தத்தை ஏற்றும்போது பல முறை ஆன், ஆஃப் என்று மாறி மாறிப் போனது. 'இப்படியானால் இது, இல்லையென்றால் அது' என்ற முடிவு மரம் ஒன்று ஒரே சாதனத்தின் மின்னோட்ட வளைவுக்குள் அடங்கியது. சுவையான வேலை. ஆனால் உங்கள் கேள்விக்கு நேரான பதில் 2024 செப்டம்பரில் வந்தது. பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தின் நானோ மையத்தில் ஸ்ரீதோஷ் கோஸ்வாமியின் குழு, மறுபடியும் அசோ ஈனியுள்ள ருத்தீனியம் சேர்மம். 2008-இல் ஆக்சைடு மெமரிஸ்டரைக் கொடுத்த அதே ஸ்டான்லி வில்லியம்ஸ் இதில் ஒரு ஆசிரியர்.

அவர்கள் காட்டியது 16,520 தனித்தனிக் கடத்துதிறன் நிலைகள். 14 பிட் என்றால் 16,384, அதற்கும் மேல். நேர்கோட்டில் ஏறி, நேர்கோட்டில் இறங்குகின்றன. அதைவிட முக்கியம், வேண்டிய நிலையை ஒரே அடியில் எழுதலாம். எழுது, படி, தவறைப் பார், மறுபடி எழுது என்று திண்டாட வேண்டாம். எப்படி? மூலக்கூறுக்கு நிலையானவை இரண்டு மின்னணு நிலைகள்தான். ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குப் போகும் பயணத்தின் வேகத்தை மின் துடிப்பால் நுணுக்கமாகக் கட்டுப்படுத்தி, வழியில் வேண்டிய இடத்தில் நிறுத்துகிறார்கள். மிருதங்கத்துக்கே திரும்பினால், கரணை சரியாக அமைந்துவிட்ட கருவியில் ரவையால் மயிரிழை சுருதி பிடிக்கிறார்கள்.

இன்னொரு குணமும் அதில் தானாகவே அமைந்திருந்தது: மின்னோட்டம் ஒரே திசையில்தான் போகும். கயிற்றுக் கட்டில் அமைப்பின் பழைய நோய், ஒரு சந்திப்பைப் படிக்கும்போது பக்கத்துச் சந்திப்புகள் வழியாக மின்னோட்டம் சந்து பொந்துகளில் புகுந்து வந்துவிடுவது. அதைத் தடுக்க வழக்கமாக ஒவ்வொரு சந்திப்பிலும் தனித் தேர்வி, அதாவது வேண்டிய சந்திப்பை மட்டும் திறக்கும் சுவிட்ச், வைப்பார்கள். ஒருவழிப் பாதையாக இருந்தால் சந்துக்குள் எங்காவது எதிர்த்திசையில் போக வேண்டி வரும், அங்கே அடைபடும். அதனால் தேர்வி இல்லாமலே 64-க்கு 64 அணி, அதாவது 4,096 சந்திப்புகள். ஒரு சைகையை அதன் அதிர்வெண்களாகப் பிரிக்கும் ஃபூரியர் உருமாற்றத்தை ஒரே படியில் போட்டார்கள். சைகைக்கும் இரைச்சலுக்கும் உள்ள விகிதம் 73 டெசிபெலுக்கு மேல். டிஜிட்டல் கணினியைவிட 460 மடங்கு குறைந்த ஆற்றல் என்பது அவர்களது கணக்கு.

அந்த 460-ஐ நான் கொஞ்சம் சந்தேகத்தோடுதான் எடுத்துக்கொள்வேன். எந்த டிஜிட்டல் சிப்போடு ஒப்பிடுகிறோம், அனலாக் எண்ணை டிஜிட்டலாக மாற்றும் சுற்றுக்கான செலவை எங்கே எழுதுகிறோம் என்பதைப் பொறுத்து இந்த வகை எண்கள் வெகுவாக மாறும். 14 பிட் துல்லியத்தில் படிக்க வேண்டுமென்றால் படிக்கும் சுற்றும் 14 பிட் இருக்க வேண்டும், அது இலவசமாக வராது. மொழி மாதிரிகளின் எடைகள் கோடிக்கணக்கில், 4,096 அதன் முன்னால் துளி. ஆனால் 16,520-ஐயும் நேர்கோட்டையும் நான் சந்தேகப்படவில்லை. கரிமப் படலத்தால் இவ்வளவு நுணுக்கம் முடியும் என்று பத்து ஆண்டுகளுக்கு முன் யாராவது சொல்லியிருந்தால், அலுமினிய ஆக்சைடு கதையைச் சொல்லி அனுப்பியிருப்பேன்.

நினைவு நீளமாக இருப்பதே எப்போதும் நல்லது என்று இதுவரை எழுதியதிலிருந்து தோன்றியிருக்கும். அப்படியில்லை. பேச்சையோ இதயத்துடிப்பின் வரைபடத்தையோ புரிந்துகொள்ளும் சுற்றுக்கு, சில மில்லிவிநாடி முன் நடந்தது லேசாக நினைவிருந்து பிறகு மங்க வேண்டும். இரண்டு துடிப்புகள் அடுத்தடுத்து வந்தால் இரண்டாவதற்கு வேறு பதில், இடைவெளி விட்டு வந்தால் அதே பழைய பதில் என்ற நடத்தை மூளையின் சினாப்ஸிலும் உண்டு. அங்கே திருத்த வேண்டியது மறதியின் வேகம். நல்ல படலத்தில் பாதிப் படிகம், பாதி ஒழுங்கின்மை வைத்து ஒரே சிப்பில் இரண்டு வகையையும் செய்யலாம். கரிமப் பொருளுக்கு மட்டுமே உரிய ஒரு வழியும் உண்டு: 2020-இல் ஸ்காட் கீன் முதலானோர், டோபமைன் என்ற நரம்புச் சேதி வேதிப்பொருளைச் சுரக்கும் உயிரணுக்களைப் பெடாட் சாதனத்தின்மேல் வளர்த்து, அந்த டோபமைன் மின்வாயில் ஆக்சிஜனேற்றம் அடைவதைக் கொண்டே கடத்துதிறனை நிலையாக மாற்றினார்கள். சுருதி சேர்க்கும் வேலையை உயிரணுவே எடுத்துக்கொண்டது.

நீங்கள் ஆய்வகத்தில் சேர்ந்ததும் செய்ய வேண்டியதைச் சொல்லிவிடுகிறேன். முதல் வாரத்தில் உங்கள் மூலக்கூறே இல்லாத வெற்றுச் சாதனத்தைச் செய்து, அதே மின்னழுத்தங்களில் அளந்து வையுங்கள். அலுமினியத்தை முடிந்தவரை தவிர்த்து, ஆக்சைடு பிடிக்காத தங்கமோ, ஏற்கெனவே மின்கடத்தும் ஆக்சைடாகவே இருக்கும் ஐடிஓ (இண்டியம்-டின் ஆக்சைடு) பூசிய கண்ணாடியோ கேளுங்கள். மின்வாயின் பரப்பை நான்கைந்து அளவுகளில் செய்யுங்கள்: மின்னோட்டம் பரப்போடு சேர்ந்து ஏறினால் படலம் முழுதும் வேலை செய்கிறது, பரப்பு மாறினாலும் மின்னோட்டம் அப்படியே இருந்தால் எங்கோ ஓர் இழை ஓடுகிறது. ஏற்றும் துடிப்பு நூறு, இறக்கும் துடிப்பு நூறு என்று மாற்றி மாற்றிக் கொடுத்து, ஒரு கண்ணிக்குப் பதில் ஆயிரம் கண்ணிகளை ஒன்றன்மேல் ஒன்றாக வரையுங்கள். ஒரே சேர்மத்தை மூன்று எதிரயனிகளோடு தொகுத்து வைத்துக்கொள்ளுங்கள். ஆறு மாதம் கழித்து யாராவது "கண்ணி ஏன் இவ்வளவு அகலம்" என்று கேட்கும்போது அந்த மூன்று குப்பிகள் உதவும். குப்பிகளின்மேல் தேதியையும் அன்றைய ஈரப்பதத்தையும் மறக்காமல் எழுதுங்கள்.